குளிரறைக்குப் போன தாமரை மாலை

வீட்டில் ஒருத்தி ஆராய்ச்சி செய்தால், அது என்ன ஆராய்ச்சி என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவள் வேலை செய்யும் இடத்தில் என்னென்ன வசதி இருக்கிறது என்பது மட்டும் தெருவுக்கே தெரிந்திருக்கும். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும், "அந்தச் சின்னப் பொண்ணா? அது வேலை செய்ற எடத்துல ரூம் சைஸுக்கு ஃபிரிட்ஜ் கீதாம்பா" என்பார்கள். எல்லாம் என் அம்மாவின் உபயம்.

நான் அப்போது முனைவர் பட்டத்துக்காக ஓர் ஆய்வகத்தில் மாடாய் உழைத்துக்கொண்டிருந்தேன். (தப்பு. மாட்டுக்காவது பொங்கலுக்கு ஒரு நாள் லீவு உண்டு.) நெல் பயிரில் ஆர்கோனாட் என்றொரு புரதம் இருக்கிறது. மரபணுக்களில் சிலவற்றைப் பேசவிடாமல் வாயை அடைப்பது அதன் உத்தியோகம். அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, எப்படி அடைக்கிறது என்று கண்டுபிடிப்பது என் உத்தியோகம். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. நான்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

அந்தப் புரதத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கொஞ்சம் அசந்தால் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, கிளறாத உப்புமா மாதிரி கட்டி தட்டிப்போகும். அப்படி ஆகாமல் இருக்க, குளிரறையில் வைத்து, மெர்காப்டோஎத்தனால் என்ற திரவம் கலந்த நீரில் அதை மெதுவாக ஓடவிட வேண்டும். இந்த மெர்காப்டோவின் வாடை இருக்கிறதே, அழுகின முட்டையை ரப்பர் செருப்போடு சேர்த்து வறுத்த மாதிரி இருக்கும் என்பார்கள். அதன் பங்காளி ஒருவனைத்தான் சமையல் கேஸில் கலக்கிறார்கள், கசிந்தால் ஊருக்கே தெரியட்டும் என்று.

"என்பார்கள்" என்று நான் எழுதக் காரணம், எனக்கு அந்த வாடை தெரியாது. தினமும் அதிலேயே கிடந்து கிடந்து என் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிட்டது. மெட்ரோவில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் என்னைச் சுற்றி மட்டும் வட்டமாக இடம் காலியாக இருக்கும். பெங்களூருக்காரர்களுக்குப் பெண்கள் மேல் எத்தனை மரியாதை என்று நெகிழ்ந்துபோய் ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். அப்பா எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். காற்று வரட்டும் என்று திறக்கிறார் போல என நினைத்துக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில்தான் என் அக்கா அமுதாவின் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை கார்த்திக், அக்காவோடு வைட்ஃபீல்டில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். குடியாத்தத்துக்காரர். அவருக்குச் சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். படிக்கவைத்து ஆளாக்கியது எல்லாம் பெரியப்பா தணிகாசலம்தான். அதனால் அந்த வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். நல்ல மனிதர். ஆனால் வலது காலை எடுத்து வைக்காமல் வெளியே போன ஒரே ஒருமுறை தனக்கு பஸ் தவறிப்போனதை நாற்பது வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கிற நல்ல மனிதர்.

நாங்கள் கோலார் தங்கவயலிலிருந்து வந்து இங்கே குடியேறிய பௌத்தக் குடும்பம். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது, ராகுகாலம் எமகண்டம் கிடையாது. புத்தர் சிலைக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, மாலை மாற்றி, இரண்டு பேரும் ஊரறிய உறுதிமொழி சொன்னால் கல்யாணம் முடிந்தது. நிச்சயத்தன்று இதைக் கேட்ட பெரியப்பா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நெருப்பே இல்லாம ஒரு கல்யாணமா? அப்ப சாட்சி யாரு சம்மந்தி?"

"வந்திருக்கிற அத்தனை பேரும் சாட்சிதாங்க" என்றார் அப்பா.

"மனுஷன் மாத்திப் பேசுவான். அக்கினி மாத்திப் பேசாது."

கார்த்திக் அன்றைக்கு வாயைத் திறந்து, "பெரியப்பா, எனக்கு அவங்க முறையிலயே நடக்கட்டும்" என்று சொல்லியிருக்காவிட்டால் பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். பெரியப்பா காபி டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். பிறகு சொன்னார். "சரி. புள்ள ஆசைப்பட்டுட்டான். ஆனா ஒண்ணு. நடுவுல ஒரு தடங்கல் வந்துச்சுன்னா அதை நான் சகுனமாத்தான் எடுத்துப்பேன். அப்படியே ரெண்டு பேரையும் வண்டியில ஏத்திக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, ஐயர வெச்சுத் தாலி கட்டவெச்சிடுவேன். அப்ப யாரும் குறுக்க பேசக் கூடாது."

அப்பா சம்மதித்தார். ஆயுசு முழுக்க எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவர் அவர். ஆனால் அவருடைய கல்யாணத்தையே "அது என்னாய்யா கல்யாணம்?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. மகள் கல்யாணமாவது எங்கள் முறையில் எல்லார் முன்னாலும் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஒரே ஆசை அவருக்கு. தடங்கல் என்ன பெரிதாக வந்துவிடப்போகிறது என்று நினைத்தார். (நான் என்று ஒருத்தி இருப்பதை மறந்துவிட்டார், பாவம்.)

அந்த ஆசைக்குள் இன்னொரு குட்டி ஆசை. மாலை முழுக்க முழுக்கத் தாமரையாக இருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி நோன்பு. பெங்களூரில் அந்த வாரம் பூ வாங்கியவர்களுக்குத் தெரியும். எங்கள் முனைக்கடைப் பூக்கார அக்கா கையை விரித்துவிட்டார். "பண்டிகை முடிஞ்சா ஒத்தத் தாமரை சிக்காது கண்ணு. எல்லாம் லட்சுமிக்குப் போயிடும். வியாழக்கிழமையே கட்டிக் குடுத்துர்றேன். நல்லா ஜில்லுனு வெச்சிக்கோ, அப்படியே நிக்கும்."

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மாவுச் சட்டி வைத்தால் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுக்க வேண்டும். முழங்காலுக்கு வரும் மாலை இரண்டை அதில் எங்கே வைப்பது? அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஏண்டி, உங்க லேப்ல ரூம் சைஸுக்கு ஃபிரிட்ஜ் சும்மாதானே கீது?"

"சும்மா இல்லம்மா. அதுல என் புரதம் ஓடிக்கினு கீது."

"அது பாட்டுக்கு ஓடட்டும். மாலை ஓரமா ஒக்காந்துக்கும்."

உண்மையைச் சொன்னால், எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் படிக்கப் போன நாளிலிருந்து வீட்டில் யாரும் என் படிப்பை எதற்கும் உபயோகப்படுத்தியது கிடையாது. ஒரு டாக்டருக்குப் படித்திருந்தால் பி.பி. பார்த்திருப்பேன், ஒரு வக்கீலாகியிருந்தால் வாசலில் பலகை மாட்டியிருப்பேன். முதன்முறையாக என் அறிவியல் குடும்பத்துக்குத் தேவைப்படுகிறது! "கவலைய விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் எப்போதெல்லாம் சொல்லியிருக்கிறேனோ அப்போதெல்லாம் யாராவது ஒருவர் கவலைப்பட வேண்டி வந்திருக்கிறது.

குளிரறைக் கதவில் 'உணவுப் பொருள்கள் வைக்கக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. மாலை உணவா? இல்லை. ஆகவே வைக்கலாம். (இப்படிப்பட்ட கூர்மையான புத்திதான் என்னை ஆராய்ச்சிக்கு அழைத்துவந்தது.) பூக்கார அக்கா மாலைகளை ஈரத்துணியில் சுற்றி, மூங்கில் கூடையில் வைத்துக் கொடுத்திருந்தார். கூடையைக் கீழ்த்தட்டில் வைத்தேன். மேல்தட்டில் என் புரதம் கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மெர்காப்டோ கலந்த நீர் பெரிய பீக்கரில், மூடியில்லாமல். அதன் ஆவி தண்ணீரைக் கண்டால் ஒட்டிக்கொள்ளாமல் விடாது. ஈரத்துணி கிடைத்தால் கேட்கவே வேண்டாம். இது கல்லூரி முதல் வருடப் பாடம். நான் அதில் மெடல் வாங்கியவள்.

ஞாயிறு காலை கூடையை எடுத்துப் பார்த்தேன். தாமரை ஒவ்வொன்றும் குளத்திலிருந்து அப்போதுதான் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. குனிந்து முகர்ந்தும் பார்த்தேன். குறை சொல்லக் கூடாது, நான் எதையும் சோதிக்காமல் விடுகிறவள் இல்லை. ஒரு கெட்ட வாடையும் இல்லை. சில்லிட்ட பொருளிலிருந்து வாசனை எழும்பாது என்பதும், எழும்பினாலும் சொல்ல என் மூக்கு தயாராக இல்லை என்பதும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஐஸ் பொட்டலங்களோடு தெர்மகோல் பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, டாக்சி பிடித்து மண்டபத்துக்கு வந்து சேர்ந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் புத்தர், முன்னால் வரிசையாக மெழுகுவத்திகள். வெள்ளைச் சேலையில் அக்கா, வெள்ளை வேட்டி சட்டையில் கார்த்திக். பெரியப்பா முதல் வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, தடங்கல் எந்த வாசல் வழியாக வருகிறது என்று பார்ப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார். கல்யாணத்தை நடத்திவைக்க எங்கள் பௌத்த சங்கத்துப் பெரியவர் பொன்னுரங்கம் மாமா வந்திருந்தார். தங்கமான மனிதர். மைக்கைக் கொடுத்தால் மட்டும் திரும்ப வாங்க முடியாது.

நான் மேடையில் ஏறி, டேப்பைக் கிழித்து, மாலையைத் தூக்கிக் காட்டினேன். கூட்டமே "ஹா" என்றது.

"எப்புட்றி இவ்ளோ ஃபிரஷ்ஷா கீது?" என்று சித்தி கேட்டார்.

"நாலு டிகிரி சித்தி" என்றேன், மைக்கில் கேட்கும்படியாக. அம்மா பூரித்துப்போய்ப் பக்கத்தில் இருந்தவரிடம் ரூம் சைஸைக் கையால் காட்டினார்.

மாலை மாற்றினார்கள். கைதட்டினார்கள். அடுத்து உறுதிமொழிதான் பாக்கி. அதற்கு முன் பொன்னுரங்கம் மாமா இல்லறத்தின் மேன்மையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்தார். வீடியோக்காரர் இரண்டு பெரிய விளக்குகளை மணமக்கள் பக்கம் திருப்பினார். தாமரை மெல்லச் சூடேறியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் புன்னகையோடு நின்றேன்.

முதலில் முன்வரிசைப் பெண்கள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஆண்கள் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா தன் பக்கத்தில் இருந்த மச்சானிடமிருந்து நாற்காலியைச் சற்றே நகர்த்திப் போட்டார். பாவம், அந்த மச்சான் கோபித்துக்கொண்டு எழுந்தேவிட்டார். ஹோமம் என்று ஒன்று இருந்திருந்தால் அந்தப் புகையில் எல்லாம் அமுங்கியிருக்கும். எங்களிடம் இருந்ததோ நான்கு மெழுகுவத்தி.

பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். "கேஸு! கேஸ் லீக்காவுது!"

அவ்வளவுதான். மண்டபம் ஒரே கலாட்டா. யாரோ ஓடிவந்து புத்தர் முன்னாலிருந்த மெழுகுவத்திகளை ஊதி அணைத்தார்கள். பின்கட்டில் சமையல்காரர் தம்மில் இருந்த பிரியாணியை அப்படியே விட்டு அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு ஓடினார். பந்திக்குக்கூட எங்கள் சொந்தக்காரர்கள் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

நான் சும்மா இருந்தேனா? ஆய்வகத்தில் விபத்துப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்தவள் ஆயிற்றே. ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றேன். "பதறாதீங்க! வரிசையாப் போங்க! சுவிட்ச் எதையும் தொடாதீங்க! வயசானவங்களுக்கு வழி விடுங்க!" என்று குரல் கொடுத்து, கடைசி ஆள் வெளியேறும்வரை நின்று, பிறகுதான் நான் வெளியே வந்தேன். "இந்தச் சின்னப் பொண்ணுக்கு என்னா தைரியம் பாரேன்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னது காதில் விழுந்தது. தன்னடக்கத்தோடு தலைகுனிந்துகொண்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கல்யாணக் கூட்டம் முழுக்க கார் பார்க்கிங்கில் வந்து நின்றது. பெரியப்பா நேராக அப்பாவிடம் வந்தார்.

"பாத்தீங்களா சம்மந்தி? நெருப்பைக் கூப்பிடலேன்னதும் அது தானா தேடிக்கிட்டு வந்துடுச்சு."

"கேஸ் லீக்குக்கு யார் என்னங்க பண்றது..."

"ஏத்தி வெச்ச விளக்கையே ஊதி அணைச்சாங்க. இதுக்கு மேல ஒரு தடங்கல் வேணுமா? பேசுனபடி பேச்சு. டிரைவரைக் கூப்பிடுங்கப்பா, அல்சூர் கோயிலுக்குப் போலாம்."

அப்பா தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கொடுத்த வாக்கை மீறுகிறவர் இல்லை அவர். எனக்கு அழுகையாக வந்தது. இத்தனை வருட ஆசையை ஒரு பாழாய்ப்போன சிலிண்டர் கெடுத்துவிட்டதே என்று அந்தச் சிலிண்டரை மனதாரச் சபித்தேன்.

அதற்குள் கேஸ் ஏஜென்சியிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து, உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "கிச்சன்ல ஏனூ இல்லா சார். எல்லாச் சிலிண்டரும் சரியாகிதே. வாசனை இங்கதான் ஜாஸ்தி வருது."

இங்கேயா? உடனே எல்லோரும் கார்களுக்கு அடியில் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். கேஸில் ஓடும் ஆட்டோ ஒன்று நின்றிருந்தது. நாலு பேர் சேர்ந்து அதைத் தெருவுக்குத் தள்ளினார்கள். "அரே, நான் சவாரிக்கு வெயிட்டிங்ல கீறேன்பா!" என்று ஆட்டோக்காரர் பின்னாலேயே ஓடினார். ஆட்டோ போயிற்று. வாடை போகவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். இவ்வளவு நெரிசலான பார்க்கிங்கில், அக்காவையும் கார்த்திக்கையும் சுற்றி மட்டும் வட்டமாக இடம் காலியாக இருந்தது. யாரும் யாரையும் விலகச் சொல்லவில்லை. தானாக விலகி நின்றிருந்தார்கள், முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டு, மரியாதையாக.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியும். நான் தினமும் அதற்குள் உட்கார்ந்துதான் மெட்ரோவில் போகிறேன்.

ஒரே நிமிடத்தில் ஈரத்துணி, பீக்கர், மெட்ரோ, அப்பா திறந்துவிட்ட ஜன்னல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை வராமல் இல்லை. ஆனால் டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அப்பா துண்டை நாலாவது முறையாக மடித்துக்கொண்டிருந்தார்.

"கேஸ் இல்ல பெரியப்பா!" என்று கத்தினேன். "மாலைலருந்து வருது. நான்தான்... லேப்ல வெச்சிருந்தேன்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது என்று எழுத ஆசைதான். பார்க்கிங்கே திரும்பிப் பார்த்தது.

"அடிப்பாவி!" என்றார் அம்மா. "உன் மேல எப்பவும் லேசா அடிக்குமே, அந்த வாடையா இது? நான் மெட்ரோ வாடைன்னு நெனச்சிக்கினு இருந்தேனே!"

"மாலையில என்னம்மா போட்ட?" பெரியப்பா பின்வாங்கினார்.

"போடல பெரியப்பா. என் புரதத்துக்கு ஊத்தறது, அதுல போயி ஏறிக்கிச்சு."

"புரதம்னா? முட்டையா?"

"நெல்லுல இருக்கறது. ஆர்கோனாட்னு பேரு. செல்லுக்குள்ள எல்லா மரபணுவும் ஒரே நேரத்துல பேசக் கூடாது பெரியப்பா. சிலத வாயடைக்கணும். அதுக்கு இந்தப் புரதம் கையில ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வ வெச்சிக்கினு டி.என்.ஏ. பூரா தேடும். ஃபோட்டோவைக் கையில வெச்சிக்கினு ஸ்டேஷன்ல ஆள் தேடுவாங்களே, அது மாதிரி. ஒத்துப்போற எடம் வந்ததும் இன்னொரு புரதத்தைக் கூப்பிடும். அது வந்து மெத்தில்னு ஒரு சின்ன முத்திரையை டி.என்.ஏ. மேல குத்திடும். அப்புறம் அந்த மரபணு வாயத் தெறக்காது."

"அழிஞ்சிடுமா?"

"இல்ல. எழுத்து அப்படியே இருக்கும். படிக்கத்தான் விடாது."

இதையெல்லாம் நான் ஏன் அந்த நேரத்தில் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் எனக்கு ஆய்வுரை வந்துவிடும். என் ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் பிஸ்கட்டுக்காக. அன்றைக்கோ ஒரு கல்யாணக் கூட்டமே மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டது. கேஸ்காரர்கூட ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பெரியப்பா விடவில்லை. "சரி, இந்த நாத்தம் புடிச்ச தண்ணி எதுக்கு?"

இங்கே நான் மௌனம் காத்திருக்க வேண்டும். "அதுவா பெரியப்பா? கைகோத்துக்கற புரதத்தை எல்லாம் தனித்தனியாப் பிரிச்சு வெக்கறதுக்கு" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெரியப்பாவின் கண் விரிந்தது. "கேட்டீங்களா சம்மந்தி? சேந்தத பிரிக்கற மருந்துல ஊறப்போட்டு மாலை மாத்தியிருக்காங்க! இன்னும் என்ன பேச்சு? வண்டியில ஏறுங்க."

அக்கா முன்னால் வந்தாள். முதலில் என்னைப் பார்த்து, "உன்ன அப்புறம் வெச்சிக்கறேன்" என்றாள். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, அந்த மருந்து என்னா வேணா பண்ணட்டும். உங்க புள்ளய ஒரு தடவ பாருங்க."

எல்லோரும் கார்த்திக்கைப் பார்த்தோம். கண் இரண்டும் சிவந்து தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. மூக்கு நுனி தக்காளி மாதிரி இருந்தது. மூச்சை அடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மாலை மட்டும் கழுத்தில் அப்படியே இருந்தது. மாலையில்தான் வாடை என்று நான் சொன்னபிறகும் கை அதன் பக்கம் போகவே இல்லை.

"ஏண்டா, கழட்டிப் போடறதுதானே?" என்றார் பெரியப்பா.

"அமுதா கழட்டலியே பெரியப்பா."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு இருமினார். பெரியப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். எதிலும் சட்டென்று முகம் சுளிக்கிற பிள்ளை, பாலில் ஆடை மிதந்தால் குடிக்காத பிள்ளை என்று அவரே நிச்சயத்தன்று பெருமையாகச் சொல்லியிருந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா மடிப்பதை நிறுத்தியிருந்தார்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொன்னுரங்கம் ஐயா, அந்த உறுதிமொழி என்னவோ அதைச் சட்டுனு சொல்லவைங்க. பிரசங்கம் வேணாம். புள்ள மூச்சு முட்டிச் செத்துருவான்."

பொன்னுரங்கம் மாமா தன் வாழ்க்கையிலேயே சுருக்கமாகப் பேசியது அன்றைக்குத்தான். புத்தரை உள்ளேயிருந்து தூக்கிவந்து ஒரு கார் பானெட் மேல் வைத்தார்கள். மெழுகுவத்தி காற்றில் நிற்காமல் அணைந்து அணைந்து போயிற்று. பெரியப்பாவே குனிந்து இரண்டு கையாலும் அதைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா கணீரென்று சொன்னாள். கார்த்திக் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு சேமித்துவைத்துச் சொன்னார். எங்கள் முறையில், எல்லார் முன்னாலும், கல்யாணம் முடிந்தது. அப்பா அழுதார். மெர்காப்டோவா மனசா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் வந்தது, எனக்கு நிச்சயமாக அது மனசுதான்.

ஆல்பத்தில் அந்தப் படங்களைப் பார்ப்பவர்கள், "மாப்பிள்ளை எவ்ளோ உருக்கமா அழறார் பாரேன்" என்பார்கள். நாங்கள் மறுப்பதில்லை. பாதி வெந்து நின்ற பிரியாணியைச் சமையல்காரர் எப்படியோ தேற்றிக் கொடுத்தார். மாலைகளை மூன்று பைக்குள் போட்டுக் கட்டி நானே ஆய்வகத்துக்குத் திருப்பி எடுத்துப்போனேன். என் வழிகாட்டி அரை மணி நேரம் கத்திவிட்டு, கதவில் இருந்த அறிவிப்பைத் திருத்தினார். 'உணவுப் பொருள்கள், மாலைகள் மற்றும் இதர மங்கலப் பொருள்கள் வைக்கக் கூடாது.' அந்தப் பாழாய்ப்போன புரதம் அந்த முறைதான் கட்டி தட்டாமல் அழகாக வந்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன மாதம் குடியாத்தத்தில் கார்த்திக்கின் சித்தப்பா மகன் கல்யாணம். ஐயர், அக்கினி, முகூர்த்தம் எல்லாம் உண்டு. மாலை மாற்றும் நேரம் வந்ததும் நாதஸ்வரம் நின்றது. பெரியப்பா எழுந்து மேடைக்குப் போனார். ஐயர் இரண்டு மாலைகளையும் அவரிடம் நீட்டினார். பெரியப்பா கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்து, தலையை அசைத்தார். அப்புறம்தான் மேளம். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணமும் இது இல்லாமல் நடந்தது கிடையாது.

மணப்பெண்ணின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "இது என்னாங்க சடங்கு? எங்க பக்கம் இல்லியே" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேடையிலிருந்து பெரியப்பா முந்திக்கொண்டார்.

"எங்க குடும்ப வழக்கம்மா. இது இல்லேன்னா எங்க வீட்ல கல்யாணம் செல்லாது."

ஐயரும் விட்டுக்கொடுக்கவில்லை. "உண்டு, உண்டு. சில குடும்பங்கள்ல பூர்வீகமாவே உண்டு" என்றார்.

அந்த அம்மா உடனே திரும்பி, தூங்கி வழிந்துகொண்டிருந்த தன் வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பி மேடைக்கு அனுப்பினார். அவரும் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டு, பயபக்தியோடு இரண்டு மாலைகளையும் முகர்ந்து பார்த்தார்.